ஓனர் இல்லாத அறுபத்தொன்று

எங்கள் கம்பெனியில் முந்நூற்றுப் பன்னிரண்டு மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணியது நான் என்பதால் எனக்குத் தெரியும். எனக்கு முன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஓடுகிற வரைக்கும் எண்ணுவானேன் என்று இருந்துவிட்டார்கள்.

கம்பெனிக்குக் கொழும்பில் பதினெட்டு மாடி. பிஸ்கட்டிலிருந்து காப்புறுதி வரை எல்லாம் விற்பார்கள். ஹட்டன் கிளை ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கிளையைத் திறந்த அன்று, மலையக இளைஞர்களின் திறமையைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேசினார். வாடகை குறைவு, எங்கள் சம்பளமும் குறைவு என்பதை அவர் பேசவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. நான்கு வருடம் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்று இருந்துவிட்டு வந்தவள் நான். டிக்கோயா பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்றால் எந்த ஆங்கிலப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிளையில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் ஜனார்த்தனன். பூண்டுலோயா பஜாரில் அவருடைய அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. ஐந்து பேரில் வீட்டுக்குக் கதவிலக்கம் உள்ளவர் அவர் ஒருவர்தான். மற்ற நான்கு பேரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு டெவலப்பர் போர்ட்டல் கட்டுவது. கம்பெனிக்குள் ஓடும் மென்பொருள்களை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்க வேண்டும். இது என்ன, எதற்கு, யார் பொறுப்பு, உடைந்தால் யாருக்குச் சொல்வது. அவ்வளவுதான். கொழும்பில் அறுநூறு பேர் கணினியில் வேலை செய்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் மீதிப் பாதியிடம் 'இது யாருடையது?' என்று கேட்டே மாதத்தை ஓட்டுகிறார்கள் என்று யாரோ கணக்கெடுத்துச் சொல்லியிருந்தார்களாம். அந்தக் கேள்வியை ஒழிப்பதுதான் போர்ட்டல்.

டிசம்பர் கடைசிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் 'ஓனர்' என்ற கட்டம் நிரம்ப வேண்டும். நிரம்பினால் பக்கத்தின் தலையில் உள்ள பட்டை பச்சையாகும். நிரம்பாவிட்டால் ஹட்டன் கிளையை 'மறுபரிசீலனை' செய்வோம் என்று கொழும்பிலிருந்து யோகேஸ்வரி மேடம் எழுதியிருந்தார். கம்பெனியின் தொழில்நுட்பம் முழுவதற்கும் தலைவி அவர். மரியாதையாக எழுதுவார். மறுபரிசீலனை என்பதற்கு அர்த்தம், கீழே உள்ள புடவைக்கடைக்காரர் மேல்மாடியிலும் புடவை அடுக்கலாம் என்பது.

ஓனராக யாரும் சம்மதிக்கவில்லை. பெயரைப் போட்டால் உடைகிற அன்று தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர், 'அதைச் செய்தது நான்தான், ஆனால் அது என்னுடையது அல்ல' என்று எழுதினார். இன்னொருவர், 'செய்தவர் மெல்பர்னில் இருக்கிறார், நல்ல பிள்ளை' என்றார். 'டெம்ப்-ஃபைனல்-2' என்று ஒரு மென்பொருள் ஆறு வருடமாக ஓடுகிறது. அது என்ன செய்கிறது என்று பதினொரு பேரிடம் கேட்டேன். நிறுத்திவிடாதீர்கள் என்று பதினொரு பேரும் சொன்னார்கள்.

'நான் ஓனராகிறேன்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால், 'உடைந்தால் உங்களை அழைப்போம், சம்மதமா?' என்று கேட்கும். மூன்று மாதத்தில் நான்கு பேர் அமுக்கினார்கள். அதில் இரண்டு பேர் தவறுதலாக அமுக்கிவிட்டதாக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். கெஞ்சியும் கொஞ்சியும் மேலதிகாரிகளைக் காட்டி மிரட்டியும் டிசம்பர் இருபதுக்குள் இருநூற்று ஐம்பத்தொன்றுக்குப் பெயர் வாங்கிவிட்டேன். மீதி அறுபத்தொன்று அநாதையாக நின்றன.

யோசனை சொன்னது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, ஓனர் இல்லாததுக்கெல்லாம் ஒரு பொதுப் பெட்டி வைப்போம். 'ஆபிஸ்'னு பேரு போடுவோம். மெயில் எல்லாம் ஆபிஸுக்கு வரட்டும். திங்கக்கெழம காலையில கூடுறப்ப யாராவது வாசிச்சு, யாருக்கு உரியதோ அவங்களுக்குக் குடுப்போம்."

"நல்ல யோசன," என்றார் ஜனா அண்ணன். "எங்க கடைக்கே தோட்டத்து ஆளுங்க முப்பது பேருக்குக் கடிதம் வரும். அப்பா அரிசி மூட்டைக்கு மேல வச்சிருப்பாரு. வர்றவங்க எடுத்துக்குவாங்க."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது, தெருப்பெயரும் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபிஸுக்கு வரும். கிளாக்கர் அவற்றை எடுத்து வைப்பார். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், நினைவிருந்தால், கடிதத்தையும் கொடுப்பார். சொந்தமாக விலாசம் இல்லாத எல்லாவற்றுக்கும் உலகத்தில் ஏற்பாடு இதுதான் என்று நாங்கள் வளர்ந்தவர்கள்.

பட்டை பச்சையானது. நூறு வீதம். கொழும்பில் யாரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை. பச்சையைத் திறந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. யோகேஸ்வரி மேடம் கேக் அனுப்பினார். அதில் போர்ட்டலின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள், ஆனால் நல்ல கேக். எனக்குப் பிப்ரவரியில் வேலை நிரந்தரமாகும் என்று ஜனா அண்ணன் காதோடு சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு முழுக்கோழி வாங்கிக்கொண்டு போனேன்.

ஜனவரியின் முதல் திங்களில் பெட்டியைத் திறந்தோம். நானூற்றிரண்டு மெயில். எங்களில் இளையவன் தனுஷன் எழுந்து நின்று வாசித்தான். பதினேழாவது மெயிலில் தேநீர் வந்தது. இருபதாவதில் நிறுத்தினோம். அடுத்த திங்கள் தைப்பொங்கல். அதற்கடுத்த திங்கள் மின்சாரம் இல்லை. அதற்கடுத்த திங்கள் ஜனா அண்ணனுக்குக் காய்ச்சல், அவரில்லாமல் பெட்டியைத் திறப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டோம்.

அந்த வாரம் மனிதவளப் பிரிவிலிருந்து சர்மிளா என்பவர் கம்பெனி முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பயிலுநர்களாகச் சேரும்படி பதினான்கு பேருக்குக் கடிதம் அனுப்பியும் ஏழு நாள் தவணைக்குள் ஒருவரும் பதில் போடவில்லை. ஆகவே இந்த வருடம் பயிற்சித் திட்டம் கைவிடப்படுகிறது. கூடவே வண்ணப் படங்களோடு ஓர் ஆய்வு, 'இளைஞர்களின் ஆர்வம் ஏன் குறைகிறது?' என்ற தலைப்பில். அதில் கைத்தொலைபேசியைக் குறை சொல்லியிருந்தார்கள்.

பதினான்கு பேரில் பத்துப் பேர் மறந்திருந்தால் நம்பியிருப்பேன். பதினான்கு பேரும் மறந்தார்கள் என்றால் மறந்தது அவர்கள் அல்ல. வேலைக் கடிதங்களை அனுப்பும் மென்பொருளுக்கு 'பரெவியா' என்று பெயர், சிங்களத்தில் புறா. போர்ட்டலில் தேடினேன். பரெவியா, ஓனர்: ஆபிஸ்.

பெட்டியில் மூன்று மெயில்கள் கிடந்தன. முதலாவது, பரெவியாவின் கடவுச்சொல் பத்து நாளில் காலாவதியாகும் என்றது. இரண்டாவது, நாளை என்றது. மூன்றாவது, பதினான்கு கடிதங்களை அனுப்ப முடியவில்லை, உடனே கவனிக்கவும் என்றது. மூன்றும் ஒழுங்காக, நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிய அடுத்த வருடம், பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்லி எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் தோட்டம் கல்லுமலை. கல்லுமலை ஆபிஸில் அப்போது நல்லமுத்து என்று ஒரு கிளாக்கர் இருந்தார். கடிதம் அவருடைய மேசை லாச்சியில் மூன்று வாரம் கிடந்தது. என் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு ஆபிஸுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"கிளாக்கரய்யா, புள்ளைக்கு வந்த கடிதம் இவ்வளவு நாளா..." என்றார் அப்பா.

"ஆபிஸுக்கு வந்துச்சு கந்தப்பன், ஆபிஸ் குடுத்துருச்சு," என்றார் நல்லமுத்து. "இதுல நான் யாரு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு ஒரு டொஃபி கொடுத்தார். தபால்காரர் தன் வேலையைச் செய்திருந்தார், ஆபிஸ் தன் வேலையைச் செய்திருந்தது, தோட்டத்தை நடத்தும் துரைக்கு விஷயமே தெரியாது. அப்பா கோபப்படத் தயாராகத்தான் போனார். கோபப்பட ஆள் அகப்படவில்லை. திரும்பி வந்து, மாற்றிய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் பிறகு காசு கட்டிக் கொழும்பில் ஒரு டிப்ளோமா படித்தேன், பரவாயில்லை, ஆளாகிவிட்டேன். ஆனாலும் நல்லமுத்தை நினைக்காமல் ஒரு மாதம் போனதில்லை.

இப்போது நான் ஒரு நல்லமுத்தைக் கட்டி, அவருக்குப் பச்சைப் பட்டையும் போட்டு, கேக்கும் சாப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சர்மிளாவுக்குப் போன் செய்து, கடிதம் போகவே இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்றேன். தவணைத் தேதி முடிந்தால் பட்டியல் தானாக மூடிக்கொள்ளும் என்றார். திறக்கச் சொன்னேன். அவரால் முடியாதாம். தேதிகளை வைத்திருப்பது டெம்ப்-ஃபைனல்-2. அதன் ஓனர்தான் மாற்றலாம்.

"ஓனர் யாரு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"போர்ட்டலில் ஆபிஸ் என்று போட்டிருக்கிறது. ஆபிஸுக்கு எழுதிக் கேளுங்கள்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆபிஸுக்கு எழுதினேன். மெயில் எனக்கு எதிரே இருந்த திரையில், பெட்டியில் வந்து விழுந்தது. இரண்டு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"பூரணி, நான் சொல்றதக் கேளுங்க. இப்பப் பெட்டிக்கு ஓனர் யாருமில்ல. யாரையும் புடிக்க ஏலாது. நீங்க போயி அந்தப் பொத்தான அமுக்கினா, பழசு எல்லாம் ஒங்க தலையில விழும். அடுத்த மாசம் நிரந்தரமாகப் போறீங்க. வீட்டையும் நெனச்சுப் பாருங்க."

"அந்தப் பதினாலு பேரு?"

"அவங்களுக்குக் கெடைக்கலன்னுதானே நெனச்சிருப்பாங்க? கெடச்சதுன்னு தெரியாத வரைக்கும் கஷ்டம் இல்ல."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். உண்மையிலேயே யோசித்தேன். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். அடுத்த வருடம் நிறுத்திவிடலாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மேல்மாடியில் புடவை அடுக்கினால் அந்த வாக்கும் போச்சு, நானும் பழையபடி வெள்ளவத்தைக்குப் போக வேண்டியதுதான்.

பதினான்கு பேரின் பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பூண்டுலோயா என்று இருந்தது. கேஷிகா, இருபத்திரண்டு வயது. விலாசம் என்ற இடத்தில் ஒரு தோட்டத்து ஆபிஸ். எதற்கு என்று எனக்கே தெரியாமல் அவளுடைய தொலைபேசி எண்ணுக்கு அடித்தேன். பின்னால் போட்டோகொப்பி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்கிறாளாம்.

நான் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். உங்களைத் தெரிவு செய்திருந்தோம், கடிதம் எங்கள் பக்கம் நின்றுவிட்டது, தேதி முடிந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். மெஷின் நான்கு பிரதி எடுத்து ஓய்ந்தது.

"செலக்ட் ஆனேனா?" என்றாள்.

"ஆமா."

"இப்ப இல்லையா?"

"இப்ப... தேதி முடிஞ்சிருச்சும்மா."

கோபத்துக்குக் காத்திருந்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்லீங்க," என்றாள். "எங்களுக்குப் பழக்கந்தானே. போன் பண்ணிச் சொன்னீங்களே, அதுவே பெருசு." அப்புறம் யாருக்கோ, "ரெண்டு பக்கமும் எடுக்கவா, ஒரு பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே போனை வைத்தாள்.

நான் போர்ட்டலைத் திறந்து பரெவியாவின் பக்கத்தில் 'நான் ஓனராகிறேன்' என்பதை அமுக்கினேன். உடைந்தால் உங்களை அழைப்போம், சம்மதமா என்று என்னை நானே கேட்டேன். சம்மதம். டெம்ப்-ஃபைனல்-2க்கும் அதையே செய்தேன். தேதியை இரண்டு வாரம் தள்ளினேன். கடவுச்சொல்லைப் புதுப்பித்தேன். பதினான்கு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தக் கடிதம் தாமதமானது என் தவறு. பூரணி கந்தப்பன்.' அதற்குக் கீழே என் கைத்தொலைபேசி எண். பதினான்கையும் அனுப்பினேன். பிறகு, ஆபிஸ் என்ற பெட்டியையே அழித்தேன். பட்டை சிவப்பானது. எண்பத்தொரு வீதம்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு யோகேஸ்வரி மேடம் திரையில் வந்தார். பக்கத்தில் சர்மிளாவும் இருந்தார்.

"மூடின பட்டியலைத் திறந்தது யார் என்று கேட்க வந்தேன்," என்றார் மேடம். "கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர் போட்டிருக்கிறது."

"ஆமாங்க மேடம்."

"அந்தப் பெட்டி யாருடைய யோசனை?"

ஜனா அண்ணன் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது மேடம்."

"மெயில் ஒரு பெட்டிக்கு வரும், யாரோ எடுத்துக் கொடுப்பார்கள் என்று எப்படி நினைத்தீர்கள்? எங்கே அப்படி நடக்கிறது?"

"எங்க தோட்டத்துல மேடம். எனக்கு இன்னமும் அப்படித்தான் கடிதம் வருது."

மேடம் தீர்ப்பைச் சொன்னார். என் நிரந்தர நியமனம் ஆறு மாதம் தள்ளிப்போகும். எச்சரிக்கை ஒன்று கோப்பில் ஏறும். ஹட்டன் கிளையின் மறுபரிசீலனை ஜூனில். மீதி ஐம்பத்தொன்பதுக்கும் அதற்குள் மனிதப் பெயர் வேண்டும், பெட்டிப் பெயர் கூடாது. சர்மிளா தன் ஆய்வைச் சுற்றறிக்கையிலிருந்து எடுத்துவிடுவார். சர்மிளாவுக்கு அதில் வருத்தம் என்று முகத்தில் தெரிந்தது. படங்களுக்கு நிறைய மினக்கெட்டிருப்பார்.

அம்மாவிடம் இன்னும் ஆறு மாதம் என்று சொன்னேன். சரி என்றார். சரி என்று அவர் சொன்னது எனக்கு வலித்தது.

புதன்கிழமைக்குள் பன்னிரண்டு பேர் சம்மதம் எழுதினார்கள். ஒருவன் போன வாரம்தான் கட்டாருக்குப் போய்விட்டானாம், அவனுடைய அக்கா அழைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். கேஷிகாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது.

"நீங்கதானே அந்தப் பூரணி? கடிதத்துக்கு அடியில பேரு போட்டிருக்கிறது?"

"நான்தாம்மா. கேஷிகாவா?"

"வர்றேன்னு இப்பத்தான் எழுதிப் போட்டேன். அது வேற. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கடிதம் நின்னுபோனது ஒங்க தப்புன்னா, அன்னைக்குப் போன்ல ஏன் அதச் சொல்லல? 'எங்க பக்கம் நின்னுருச்சு'ன்னு சொன்னீங்க. எந்தப் பக்கம்? நான் ஏதோ மழையில ரோட்டு ஒடஞ்ச மாதிரின்னு நெனச்சுக்கிட்டு, பரவாயில்லன்னு வச்சுட்டேன்." அவள் குரல் ஏறியது. "மூணு வாரம் இந்தப் போனையே பாத்துக்கிட்டிருந்தேன், தெரியுமா ஒங்களுக்கு? இன்டர்வியூல என்ன தப்பாப் பேசினேன்னு ஒவ்வொரு வார்த்தையா நெனச்சு நெனச்சு... எங்கம்மா ஆறுதல் சொல்ல வந்தாங்க, அவங்களப் போயி ஏசிட்டேன். எதுக்கு ஏசினேன்? அவங்க என்ன பண்ணினாங்க? கைக்கு வேற யாரும் அகப்படல, அதான்!"

டிக்கோயா பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கதவைத் தட்டினான். நான் தலையாட்டி அனுப்பிவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

அவள் திடீரென்று நிறுத்தினாள். "இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். "ஏசுங்க."